தேர்தல் ஆராய்ச்சி சோறு போடுமா?

மகள் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்துத் தேர்தல் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள், ஆனால் ஒரே கட்சி திரும்பத் திரும்ப ஜெயிப்பதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள் சார். சிக்கிமைப் பாருங்கள். பவன் குமார் சாம்லிங்கின் சிக்கிம் ஜனநாயக முன்னணி 1994இல் ஆட்சிக்கு வந்து 25 ஆண்டுகள் அசையவில்லை. 2009இல் 32 தொகுதிகளும் அதற்கே. 2019இல் 15 இடங்களோடு தோற்றது. வேடிக்கை என்னவென்றால், 17 இடம் பிடித்து ஜெயித்த சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சாவைவிட அது வாங்கிய வாக்கு கொஞ்சம் அதிகம். 2024இல் மோர்ச்சாவுக்கு 31. ஆளும் கட்சிதான் மாறியது, ஒற்றைக் கட்சி ஆதிக்கம் போகவில்லை.

இதில் நலத்திட்டங்களுக்கு எவ்வளவு பங்கு, எதிரணி சிதறியதற்கு எவ்வளவு, ஒரு வாக்கு முந்தினாலும் தொகுதி அவருக்கே என்ற தேர்தல் முறைக்கு எவ்வளவு? அதைப் பிரித்துக் காட்டத்தான் உங்கள் மகள் எம்.ஏ. அரசியல் அறிவியல் கேட்கிறாள். கட்சிக்காரி ஆகிவிடுவாளோ என்ற பயம் வேண்டாம். கொடி பிடிக்க யாரும் எம்.ஏ. படிப்பதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். பட்டம் மட்டும் போதாது. கூடவே புள்ளியியல் வேண்டும். இதை நான் அழுத்தியே சொல்வேன். வாக்கு சதவீதத்தை அட்டவணையாக்கி அலசத் தெரிந்தவருக்குக் கருத்துக்கணிப்பு நிறுவனம், பத்திரிகைகளின் தரவுப் பிரிவு, கொள்கை ஆய்வு மையம் என்று கதவுகள் உண்டு. தேர்தல் வியூக நிறுவனங்களும் எடுப்பார்கள், ஆனால் அது பெரும்பாலும் சீசன் வேலை. அதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு இருக்கிறது. அதிலேயே ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையும் வரும், ஆனால் பல வருடப் பொறுமை தேவை. ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான யூ.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் இதையே விருப்பப்பாடமாக எடுக்கலாம், அந்தப் பாடத்துக்கு மொத்தம் 500 மதிப்பெண்.

சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்பதைச் சொல்வது படிவம் 20. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஏதாவது ஒரு தொகுதிக்கு, அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் படிவத்தை அவளிடம் கொடுத்து எக்செலில் ஏற்றச் சொல்லுங்கள். வாக்குச்சாவடி எண்கள் மாறியிருக்கும், எரிச்சல் வரும். இரண்டு வாரம் கழித்தும் அதையே பேசிக்கொண்டிருந்தால் தயங்காமல் சேருங்கள். சலித்துப்போனால் அவளுக்குப் பிடித்தது அரசியல் விவாதம், ஆராய்ச்சி இல்லை. அப்புறம் சட்டப் படிப்பைப் பற்றிப் பேசலாம்.