வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் (தம்பி என்றே சொல்கிறேன்) மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடிக்கப் போகிறார். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் வந்திருக்கிறது, ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகமும் அழைத்திருக்கிறது, எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் ஐஐடி எம்.டெக்கும் கிடைத்துவிடும் போலிருக்கிறது. இதில் எது நல்ல காலேஜ் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே நல்ல இடம்தான். ஆனால் அமெரிக்கா என்றால் வீட்டுப் பத்திரத்தை வைத்து 40 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில்தான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்டி 11 சதவீதம், செமஸ்டருக்கு 10 லட்சம் வீதம் நான்கு முறை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கினால், அதற்குள் தனி வட்டி மட்டுமே 7 லட்சத்து 70 ஆயிரம் சேர்ந்திருக்கும். மொத்தம் 47 லட்சத்து 70 ஆயிரம். இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 65,700 ரூபாய் கட்ட வேண்டும். அடைத்து முடிக்கும்போது கையைவிட்டுப் போயிருப்பது ஏறக்குறைய 79 லட்சம். மாதத் தவணை குறையட்டும் என்று 15 வருடம் கேட்டால் 54,200 ஆகும், மொத்தம் 97 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அங்கேயே வேலை கிடைத்துவிட்டால் இது பெரிய சுமை இல்லை. டாலர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 730 டாலர், கட்டிவிடலாம். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. தம்பி ஊருக்குத் திரும்பி வந்து, கோவையிலோ சென்னையிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தால், அந்தச் சம்பளத்தில் இந்தத் தவணை கட்ட முடியுமா? கஷ்டப்பட்டாவது கட்டலாம் என்றால் தாராளமாகப் போகட்டும். முடியாது என்றால், பணயம் வைப்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டை.

திரும்பி வருவதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நினைக்காதீர்கள், நன்றாகப் படித்தவர்களுக்கும் நடக்கிறது. எம்.எஸ். முடித்தபின் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம், எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் கூடும். முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. அதன்பின் அங்கே வேலையில் தொடர ஹெச்-1பி என்ற வேலை விசா வேண்டும். வருடத்துக்கு 65,000 விசாதான், அங்கே முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் இதைவிடப் பல மடங்கு வருவதால் திறமை மட்டும் போதுவதில்லை. விதிகளும் நிலையாக இருப்பதில்லை. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் புதிய ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று திடீரென அறிவித்தார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் நம் மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. அழைப்பு எந்த மாநிலத்திலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ போட வேண்டும். அது கட்டணம் அல்ல, அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் தம்பி கைக்கே வரும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். என் கவலை மொழிதான். மெக்கானிக்கல் துறையில், அதுவும் சிறிய நிறுவனங்களில், ஜெர்மன் பேசாமல் வேலை வாங்குவது கடினம். இன்றைக்கே வகுப்பில் சேர்ந்து பி1 என்ற இடைநிலை அளவுக்காவது வர அவர் தயாராக இருந்தால் இது அருமையான வழி.

ஐஐடியைப் பற்றி, 'இங்கேயே படித்து என்ன ஆகப்போகிறது' என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. கேட் எழுதி எம்.டெக் சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வருகிறது. கடன் கிட்டத்தட்ட தேவையே இல்லை. வேண்டுமென்றாலும், மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்தில் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் வாங்கலாம். பின்னால் பிஎச்.டி.க்கு வெளிநாடு போகும் வழியும் திறந்தே இருக்கிறது, அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் அவர்களே பணம் தருவார்கள்.

சிக்கல் தேதியில்தான். ஐஐடி எம்.டெக் இடங்கள், அவற்றை அறிவிக்கும் கோவாப் என்ற பொது இணையதளத்தில் மே மாதத்தில்தான் வரத் தொடங்கும், அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே பதில் கேட்கும். அந்த அவசரத்தில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். அடுத்த செமஸ்டருக்கோ அடுத்த வருடத்துக்கோ இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு தம்பி ஒரு மின்னஞ்சல் போடட்டும். அதிலேயே அசிஸ்டன்ட்ஷிப், அதாவது பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்த்துப் பெறும் உதவித்தொகை, கிடைக்குமா என்றும் கேட்கட்டும். 'சேர்ந்த பிறகு எப்படியும் கிடைத்துவிடும்' என்று கன்சல்டன்சியில் சொன்னால் நம்ப வேண்டாம். மாணவர் சேர்ந்தால் கன்சல்டன்சிக்காரர்களில் பலருக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது. எழுத்தில் வராத உதவித்தொகையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

என் கருத்தைக் கேட்டால், கல்லூரி வயதில் ஒரு பெண்ணும் இருக்கும் உங்கள் வீட்டு நிலைமைக்கு முதலில் ஐஐடி, ஜெர்மன் கற்க மனம் இருந்தால் ஜெர்மனி. உதவித்தொகை இல்லாத அமெரிக்காவுக்கு இந்த வருடம் வேண்டாம் என்பேன். தம்பியின் அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார். தவணை தொடங்கும் வருடத்தில் அவருக்கு 57 வயது, ஓய்வு பெற்ற பிறகும் கடன் ஓடும். தம்பி கட்டத் தவறினால் வங்கி கேட்பது அவரைத்தான்.

ஆனால் இதை நீங்கள் முடிவாக அறிவித்துவிடாதீர்கள். 'உனக்காக வீட்டை அடமானம் வைக்கிறோம்' என்றும் சொல்லிக் காட்டாதீர்கள், பிள்ளை ஆயுசுக்கும் அதைச் சுமப்பான். மேலே உள்ள கணக்கைத் தம்பியையே எக்செலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டியை மாற்றி, சம்பளத்தை மாற்றி, வேலை கிடைக்க எட்டு மாதம் தாமதமானால் என்ன ஆகும் என்று அவரே பார்க்கட்டும். அப்புறம் வரும் சனிக்கிழமை மூன்று பேருமாக வாருங்கள். வங்கி தந்த கடன் ஒப்புதல் கடிதத்தையும் எடுத்து வாருங்கள். வட்டி நிலையானதா மாறக்கூடியதா, இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று அதில் பார்க்க வேண்டும்.