ஃபிளாஷ் போச்சா? திரும்பும் நேரத்தை எழுது: மலை அணிகளின் கேள்வி பதில்

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ், டோட்டா 2, வாலரன்ட் ஆடும் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே கூல்டவுன் கணக்குதான். எதிராளி ஒரு திறனைப் போட்டுவிட்டால் அது மறுபடி அவன் கைக்கு எப்போது வரும் என்பது.

குன்னூர்: அண்ணா, லீக்கில் எதிரணியில் 5 பேர். ஆளுக்கு 4 திறன், 2 சம்மனர் ஸ்பெல் (எந்த வீரனுக்கும் எடுத்துக்கொள்ளும் கூடுதல் மந்திரம்). மொத்தம் 30. எதைத்தான் நினைவில் வைக்கிறது?

முப்பதையும் சுமக்காதே தம்பி. பத்து, இருபது வினாடியில் திரும்புவதை எழுதவே கூடாது, கண்ணால் பார்த்து உடனே பயன்படுத்து. பிளிட்ஸ்கிராங்க் என்ற வீரனின் கொக்கி முதல் நிலையில் 20 வினாடி. அது குறி தவறிய கணமே உன் பாட் லேன் (மேப்பின் கீழ்ப்பாதை) ஆட்கள் முன்னே ஏறலாம். எழுதி முடிப்பதற்குள் கொக்கி திரும்பிவிடும்.

எழுதவேண்டியது நிமிடக்கணக்கில் ஓடுவதை மட்டும். முதலில் ஃபிளாஷ் (சட்டென்று தாவும் மந்திரம்), 300 வினாடி. அடுத்து, சண்டையையே திருப்பும் ஒரு அல்டிமேட் (ஒரு வீரனின் மிகப் பெரிய திறன்). பிறகு ஷோன்யா என்ற பொருள். அது வைத்திருப்பவனை 2.5 வினாடி அடிபடாத தங்கச்சிலை ஆக்கும், கூல்டவுன் 120 வினாடி. ஒரே சமயத்தில் மூன்று குறிப்புக்கு மேல் போனால் மினிமேப்பைப் பார்க்க மறந்துவிடுவாய். அது இதைவிட நஷ்டம்.

கோத்தகிரி: எதிரி மிட் (நடுப்பாதை ஆள்) 7:20-க்கு ஃபிளாஷ் போட்டான். 12:20 வரை இல்லை என்று நம்பிப் போனோம். 11:40-க்கே போட்டுத் தப்பிவிட்டான். எங்கே தப்பு?

ஹேஸ்ட், அதாவது கூல்டவுனைக் குறைக்கும் எண். அடிப்படை நேரத்தை 100-ஆல் பெருக்கி, 100 கூட்டல் ஹேஸ்ட்டால் வகுக்கணும். காஸ்மிக் இன்சைட் என்ற ரூன் (ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் கூடுதல் பலன்) சம்மனர் ஸ்பெல்லுக்கு 18 ஹேஸ்ட் தரும். 300-ஐ 1.18-ஆல் வகுத்தால் 254 வினாடி, அதாவது 4 நிமிடம் 14 வினாடி. 7:20-இல் போட்டது 11:34-க்கே தயார். அந்த எதிரி ஆறு வினாடி சும்மா வைத்திருந்துதான் போட்டிருக்கிறான். ஐயோனியன் பூட்ஸும் வாங்கியிருந்தால் இன்னும் சீக்கிரம். எதிரி இன்ஸ்பிரேஷன் மரத்தை (காஸ்மிக் இருக்கும் ரூன் தொகுப்பு) எடுத்திருந்தால் காஸ்மிக் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அல்டிமேட்டுக்கும் இதே வகுத்தல்தான், ஆனால் அங்கே ஓடுவது அபிலிட்டி ஹேஸ்ட். 120 வினாடி அல்டிமேட், 20 ஹேஸ்ட் என்றால் 100 வினாடி. இரண்டு ஹேஸ்ட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அபிலிட்டி ஹேஸ்ட் எவ்வளவு ஏறினாலும் ஃபிளாஷ் ஒரு வினாடிகூடக் குறையாது, ஷோன்யாவும் குறையாது.

இன்னொரு தப்பு பலரும் செய்வது. சண்டை முடிந்து மூச்சு வாங்கிய பிறகு மணியைப் பார்த்து எழுதுகிறார்கள். அதற்குள் 20 வினாடி ஓடியிருக்கும். உங்கள் தாளில் 'இல்லை' என்று இருக்கும், அவன் கையில் இருக்கும். தாமதமாக எழுதினால் திரும்பும் நேரத்தில் 20 வினாடி குறைத்து எழுதுங்கள். முன்கூட்டியே பயந்தால் ஒரு வாய்ப்புதான் போகும், பிந்தி நம்பினால் உயிர் போகும்.

கூடலூர்: தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் போய்ப் போய் வரும். மறுபடி உள்ளே நுழையும்போது போன் ஸ்டாப்வாட்ச் எதற்கு ஓடுகிறது என்றே தெரிவதில்லை.

ஸ்டாப்வாட்சை விடுங்கள். ஆட்டத்தின் கடிகாரம் சர்வரில் ஓடுகிறது, உங்கள் வீட்டு மின்சாரத்துக்கு அது காத்திருக்காது. போட்ட நேரத்தை எழுதாமல் திரும்பும் நேரத்தை எழுதுங்கள்: 'மிட் 11:34'. மூன்று நிமிடம் வெளியே கிடந்து திரும்பினாலும் அந்தக் குறிப்பு அப்படியே செல்லும். போட்டிகளில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால் கூல்டவுனும் நிற்கும், ஆட்டக் கடிகாரமும் நிற்கும், போன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைப்பது தனி விஷயம், வையுங்கள்.

ஊட்டி: ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம்.

லேனில் இருப்பவர் சொல்லணும், சப்போர்ட் (துணைக்கு ஆடுபவர்) எழுதணும். சொல்வது மூன்றே சொல்: யார், என்ன, எப்போது. "மிட் ஃபிளாஷ், பதினொன்னு முப்பத்தி நாலு." சண்டை நடக்கும்போது நேரமும் வேண்டாம், "மிட் ஃபிளாஷ் இல்ல" போதும். ஜங்லர் (லேன் இல்லாமல் காட்டில் சுற்றும் ஆள்) எங்கே போவது என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யணும். திரும்ப அரை நிமிடம் இருக்கும்போது சப்போர்ட் ஒருமுறை நினைவூட்டட்டும்.

கண்ணில் படாத ஆளுக்கு எல்லாம் தயார் என்றே எண்ணுங்கள். ஆட்டத்தின் மூடுபனியில் (மேப்பில் நமக்குத் தெரியாத இடம்) வருபவன், நம் தொட்டபெட்டா மூடுபனியில் வரும் வண்டி மாதிரி ஹாரன் அடித்து வழி கேட்கமாட்டான்.

கொடைக்கானல்: டோட்டாவில் எது முக்கியம்?

பைபேக், அதாவது செத்தவன் காசு கொடுத்து உடனே எழுவது. 480 வினாடி. 35:10-இல் எதிரி கேரி (அணியின் முக்கிய அடிப்பவன்) பைபேக் எடுத்தால் 43:10 வரை மறுபடி எடுக்க முடியாது, அதற்குள் அவனை ஒருமுறை வீழ்த்தினால் எதிரியின் மையக் கட்டிடம் வரை போகலாம். அடுத்து ரோஷான் என்ற பெரிய பூதம்: செத்து 8 முதல் 11 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எழும். அது விட்டுச்செல்லும் ஏஜிஸ் (ஒருமுறை உயிர் மீட்கும் பொருள்) 5 நிமிடம்தான். 20:00-க்கு விழுந்தால் தாளில் மூன்று எண்: 25, 28, 31. தாவ உதவும் பிளிங்க் டாகர் 15 வினாடி, எதிரி ஹீரோ அடித்தால் 3 வினாடி முடங்கும். ஆக்டரின் கோர் என்ற பொருள் இருந்தால் கூல்டவுனில் 25 சதவீதம் கழியுங்கள். கூல்டவுனையே அழிக்கும் ரெஃப்ரெஷர் வைத்திருப்பவனிடம் எந்தக் கணக்கும் செல்லாது.

பண்ணைக்காடு: வாலரன்ட்டில்?

அங்கே அல்டிமேட்டுக்கு நேரக் கணக்கில்லை, புள்ளிக் கணக்குதான். கொன்றால் 1, செத்தால் 1, மேப்பில் இருக்கும் உருண்டையை எடுத்தால் 1, ஸ்பைக் குண்டை வைத்தாலோ செயலிழக்கச் செய்தாலோ 1. கடிகாரத்தை விட்டுவிட்டு எண்ணுங்கள்.

வெலிங்டன்: இதற்கு ஆப் இருக்கிறதாமே?

எதிரியின் அல்டிமேட்டைத் தானாகக் கணக்கிடும் செயலிகளை லீக்கை நடத்தும் ரையட் நிறுவனம் அனுமதிப்பதில்லை. அக்கவுண்ட்டைப் பணயம் வைக்காதீர்கள். பென்சிலை யாரும் தடை செய்யவில்லை.

தாண்டிக்குடி: பழக எளிய வழி?

உங்கள் பழைய ஆட்டத்தின் ரீப்ளேயை ஓடவிட்டு, திரையில் சம்மனர் ஸ்பெல் காட்டும் பகுதியை ஒரு அட்டையால் மறையுங்கள். பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். அட்டையை எடுத்துச் சரிபாருங்கள். முதலில் ஒரு லேனுக்கு மட்டும், பிறகு இரண்டுக்கு. டிசம்பர் ராத்திரியில் விரல் விறைத்து டைப் செய்ய வராது, அதனால் தாளில் முன்கூட்டியே டா, ஜ, மி, பா, ச (டாப், ஜங்லர், மிட், பாட், சப்போர்ட்) என்று ஐந்து கட்டம் போட்டு வைத்துவிடுங்கள். ஆட்டத்தில் எண் மட்டும் எழுதினால் போதும். பேனா வேண்டாம், குளிரில் மை இறங்காது.