மாதம் ஒரு சதவீதம் – கடிதம்

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் 31 வருடம் சூப்பர்வைசராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். வயது 60. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 18 லட்சம் இருக்கிறது. மாதம் ஒரு சதவீதம் தரும் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்று இருக்கிறது, மொத்தத்தையும் அதில் போடுங்கள் என்கிறார் குன்னூர் ஏஜென்ட் ஒருவர். மூன்று வருடமாகத் தவறாமல் கொடுத்திருக்கிறார்களாம். போடலாமா?

ரா.

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

மொத்தத்தையும் போடாதீர்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

கொழுந்து எடை போடும் இடத்தில் 31 வருடம் நின்றவர் நீங்கள். சாக்கில் முற்றல் இலையும் குச்சியும் கலந்திருந்தால் தராசு கூடத்தான் காட்டும். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? இந்த ஒரு சதவீதத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஃபண்ட் சம்பாதித்தது எவ்வளவு, உங்கள் முதலிலிருந்தே எடுத்துக் கொடுத்தது எவ்வளவு?

10 லட்சம் போடுகிறீர்கள், ஒரு யூனிட், அதாவது ஃபண்டில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு பங்கு, 10 ரூபாய் என்று வையுங்கள். மாதம் யூனிட்டுக்கு 10 பைசா, அதாவது 10,000 ரூபாய் வருகிறது. ஃபண்ட் நிஜமாகச் சம்பாதிப்பது வருடத்துக்கு 7 சதவீதம் என்றால், வருடக் கடைசியில் யூனிட் ஏறக்குறைய ஒன்பதரை ரூபாயில் நிற்கும். இப்படியே ஐந்து வருடம் போனால் உங்கள் 10 லட்சம் சுமார் 7 லட்சமாகியிருக்கும். அதுவரை ஒரு மாதம்கூடப் பணம் தவறியிருக்காது.

என் அம்மா இப்படி வந்த பணத்தையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். யூனிட் விலைக்கு அதில் ஒரு பத்திகூட இல்லை. நான் போய்க் கணக்குப் பார்த்தபோது போட்ட முதலில் கால்வாசி கரைந்திருந்தது. ‘மாசாமாசம் வந்ததேப்பா’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இதனால்தான் மியூச்சுவல் ஃபண்டுகளைக் கண்காணிக்கும் செபி, இப்படிக் கொடுக்கும் பணத்துக்கு இருந்த ‘டிவிடெண்ட்’ என்ற பெயரையே 2021 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டது. இப்போது அது ஐ.டி.சி.டபிள்யூ. (IDCW – Income Distribution cum Capital Withdrawal). கடைசி இரண்டு எழுத்தின் பொருள், போட்ட முதலைத் திரும்ப எடுத்தல். படிவத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அது கடன் பத்திர ஃபண்டாக (நம் பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கும் ஃபண்ட்) இருந்து, வங்கி டெபாசிட்டை விட அதிகம் சம்பாதிக்கிறது என்றால், பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்று கேளுங்கள். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது, போட்டவர்கள் நினைத்த நாளில் எடுக்க முடியவில்லை. பிறகு தவணை தவணையாகத்தான் வந்தது. மருத்துவச் செலவு தவணைக்குக் காத்திருக்காது.

உங்கள் வயதுக்குத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 12 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய். சேரும் நாளின் வட்டி ஐந்து வருடமும் மாறாது, முதலும் குறையாது. வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். மீதி 6 லட்சத்தில் கொஞ்சம் வங்கியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அதன் பிறகும் அந்த ஃபண்ட் வேண்டும் என்று தோன்றினால், ஏஜென்டிடம் மூன்று வருடத்து யூனிட் விலையை மாதவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.