சாந்தோமுக்குப் போகிற வழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்சன்டைசராக இருக்கிறேன். இரண்டு வருடமாக ராத்திரியில் வெளிநாட்டுப் பாட்டுகள் கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மாலி நாட்டு கோரா, மங்கோலியா பக்கத்துத் தொண்டைப் பாட்டு, போர்ச்சுகலின் ஃபாடோ, ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயில் செருப்பில்லாமல் மேடையேறிப் பாடிய அம்மா என்று கேட்டுக்கொண்டே போகிறேன். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் கண் கலங்கிவிடுகிறது. "அந்தம்மா என்னதான் சொல்லுது?" என்று கேட்டு என் மனைவி சிரிக்கிறாள். "இசைக்கு மொழி கிடையாது" என்று சொல்லிவைத்தேன். கூட வேலை பார்க்கும் நண்பரோ, "இதெல்லாம் சும்மா படம் காட்டறதுக்கு" என்கிறார்.

மொழி தெரியாமல் இப்படிக் கேட்பது சரியான ரசனைதானா? கர்நாடக இசை கேட்டுப் பழகிய பிறகுதான் இதற்கு வர வேண்டுமா? எந்த வரிசையில் கேட்கலாம்? போனும் இயர்போனும் போதுமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து கேசட் பெட்டியை இறக்கி, எதையெல்லாம் தூக்கிப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட். முதுகில் என் கையெழுத்தில் 'வெறுங்கால் அம்மா'. நாடாவில் பூஞ்சை. மற்றவர்களின் கடிதங்கள் காத்திருக்க, உங்களுக்கு மட்டும் உடனே எழுதுவது அதனால்தான்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். இயர்போன் போதும். ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துப்போன டேப்ரிக்கார்டரில் பத்து வருடம் கேட்டவன் நான். கர்நாடக இசை எதற்கும் நுழைவுத் தேர்வு இல்லை. வரிசையும் கிடையாது, பனியனுக்கு சைஸ் செட் போடுகிற மாதிரி இதற்குப் போட முடியாது. உங்கள் நண்பரிடம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்குப் படம் காட்டுகிறேன் என்று கேளுங்கள்.

ஆனால் "இசைக்கு மொழி கிடையாது" என்று மனைவியிடம் சொன்னீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே அவர் கேட்டதுதான் உங்கள் வீட்டில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி. ஒருத்தி மைக் முன்னால் நின்று ஏதோ சொல்கிறாள், அது என்ன என்று கேட்கிறார். அதற்குப் பதில் தெரியாததை மறைக்க ஒரு காலண்டர் வாசகத்தை எடுத்து நீட்டியிருக்கிறீர்கள். இந்த வாசகத்தை நான் அறவே வெறுக்கிறேன். ஒருகாலத்தில் அதிகம் சொன்னவனும் நான்தான்.

1994 இருக்கும். புதுச்சேரியில் ஒரு நண்பன் வீட்டில் அந்தக் குரலை முதலில் கேட்டேன். அவனுடைய சித்தப்பா பாரிஸிலிருந்து அனுப்பிய சிடி. செசாரியா எவோரா, 'மிஸ் பெர்ஃபுமாடோ', 1992இல் வந்தது. அவசரமே இல்லாத, கொஞ்சம் அலுத்த குரல். பின்னால் கித்தார், பியானோ, கவாக்கின்யோ என்கிற நாலு தந்திக் குட்டிக் கித்தார். எவோரா கேப் வெர்டேயின் மிண்டெலோ துறைமுகத்தில் 1941இல் பிறந்தவர். மதுக்கடைகளில் பாடி வளர்ந்தவர். நாடு விடுதலை பெற்றதையொட்டிப் பாட்டை விட்டுவிட்டுப் பத்து வருடம் வீட்டில் இருந்தார். பிறகு பாரிஸில் ரயில்வே வேலையில் இருந்த ஜோசே த சில்வா என்ற சொந்த நாட்டுக்காரர் அவரை அழைத்துப்போய் 1988இல் ஒரு தட்டைப் போடவைத்தார். உலகம் முழுக்கப் பெயர் பரவியபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கச்சேரி நடுவே மேடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியக்காரர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைத்துக்கொள்வார். நம் சபாக்களில் அதைக் கற்பனை செய்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அந்தத் தட்டில் 'சொதாத்' என்று ஒரு பாட்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள், கேட்காமல் யாரும் அந்த அம்மாவிடம் வந்திருக்க முடியாது. (சொதாத் என்பது மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் தள்ளிப் போங்கள். ஏக்கம் என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.) கேசட்டில் பதிந்து வந்து எத்தனை மழைக்காலம் கேட்டேன் என்று கணக்கில்லை. அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். என் காதில் அது 'சாந்தோம்' என்று விழுந்தது. சரிதான், போர்ச்சுகீசியர் ஆண்ட தீவு, கத்தோலிக்கர்கள், புனித தோமையாரைக் கூப்பிட்டு அழுகிறாள் என்று முடிவுகட்டினேன். முடிவுகட்டியதோடு விட்டேனா? ஒரு சிறுபத்திரிகையில் நாலு பக்கம் எழுதினேன். விரகமும் பக்தியும் பிரிக்க முடியாமல் கலந்த பாட்டு, ஆண்டாளின் கடல் தாண்டிய தங்கை, இப்படி. இசைக்கு மொழி இல்லை என்றுதான் கட்டுரை முடியும். பாராட்டிப் பதினோரு கடிதங்கள் வந்தன.

1999இல் நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தச் சித்தப்பா வந்திருந்தார். பாரிஸில் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. இசை கேட்கிறவரே இல்லை, எம்.ஜி.ஆர். பாட்டோடு சரி. நண்பன் பெருமையாக என் கட்டுரையை எடுத்து வாசித்துக் காட்டினான். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சாமி பேரு இல்ல தம்பி, ஊரு பேரு. கொக்கோ தோட்டம் இருக்கிற தீவு. கூலிக்குப் போனவங்க பாட்டு அது. எங்கூட வேலை பாக்கற கேப் வெர்டே பொம்பளைங்க தரை துடைக்கும்போது பாடிக்கிட்டே இருக்கும்."

அந்தப் பந்தலில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாவ் தொமே. நம் மயிலாப்பூர்ச் சாந்தோமுக்கு அதே போர்ச்சுகீசியர் வைத்த அதே பெயர். நிலநடுக்கோட்டை ஒட்டி, கினி வளைகுடாவில் கிடக்கும் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாகக் கொக்கோ விளைந்த இடங்களில் ஒன்று. அடிமை முறை 1870களில் சட்டப்படி ஒழிந்த பிறகும், ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பலர் திரும்பவே இல்லை. விஷயம் வெளியே நாறி, 1909இல் கேட்பரி உள்ளிட்ட பிரிட்டிஷ் சாக்லேட் கம்பெனிகள் அந்தத் தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின. தோட்டங்கள் நிற்கவில்லை. கேப் வெர்டேயில் மழை பொய்த்துக்கொண்டே இருந்தது. 1940களில் மட்டும் இரண்டு பெரும் பஞ்சங்கள், பல்லாயிரம் சாவு. பசித்தவனுக்குக் கப்பல் தயாராக இருந்தது. சாவ் நிக்கோலாவ் தீவைச் சேர்ந்த அர்மாண்டோ செஃபெரினோ சோரெஸ் 1950களில் கட்டிய பாட்டு இது. எடுத்த எடுப்பில் ஒரு கேள்விதான்: இந்தத் தூரவழியை உனக்குக் காட்டியது யார், சாந்தோமே போகிற இந்த வழியை?

இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது.

துறையூர்ப் பக்கம் எங்கள் ஊர். பாட்டியின் அண்ணன் பதினேழு வயதில், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணியோடு இலங்கைக்கு, கண்டிச் சீமைக்குப் போனவர். மண்டபம் முகாமில் அடைத்து மருந்து தெளித்து, கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கினார்கள் என்பது வரை ஊருக்குச் செய்தி உண்டு. இரண்டு கடிதம் வந்ததாம். அப்புறம் இல்லை. பாட்டி அண்ணனுக்காக அழுது நான் பார்த்ததில்லை. கங்காணியைத்தான் ஏசுவாள். நெல் புடைக்கும்போது, விளக்குத் திரி திரிக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் ஆரம்பிக்கும்: "எந்தப் பாவி அவனுக்கு வழி காட்டுனானோ, அவன் வழி மண்ணாப் போக." 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வர ஆரம்பித்தபோது, யார் எங்கே வந்து இறங்கினாலும் ஆள் விட்டு அண்ணன் பெயரைச் சொல்லி விசாரிப்பாள். சாகிறவரை அவள் டீ குடித்ததில்லை. கருப்பட்டிக் காப்பிதான். பிடிக்காது போல என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

சிறு வயதில் பாதி நாள் காதில் விழுந்த வசை. அதே கேள்வியை, போர்ச்சுகீசியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த கிரியோலில் ஒருத்தி ஐந்து வருடம் என் காதுக்குள் பாடியிருக்கிறாள். நான் என்ன கேட்டேன்? ஆண்டாளை. ஏனென்றால் எனக்கு ஆண்டாளைத் தெரியும், கேட்க ஆசை. மொழி இல்லாத இடத்தில் காது சும்மா இருப்பதில்லை ச., தன் பெட்டியில் உள்ளதை எடுத்து நிரப்பிக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆகா என்னை மாதிரியே இருக்கிறாளே என்று உருகுகிறோம்.

இன்னொன்று. அந்தப் பாட்டில் பிரிந்தவர் பேசுகிற பேச்சு உருகிக் கரைகிற பேச்சும் இல்லை. நீ எழுதினால் நானும் எழுதுவேன், நீ மறந்தால் நானும் மறந்துவிடுவேன், நீ திரும்பி வருகிற நாள் வரைக்கும் என்று கறாராகக் கணக்குப் பேசுகிறது. என் கட்டுரையில் 'தன்னையே அழித்துக்கொள்ளும் காதல்' என்று எழுதியிருந்தேன்.

'சரி, கோராவில் வார்த்தையே இல்லையே' என்று நீங்கள் மடக்கலாம். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி மாட்டுத்தோல் போர்த்தி, இருபத்தொரு தந்தி கட்டி, இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலுமாக வாசிக்கிற வாத்தியம். அதை வாசிக்கும் ஜெலிகள் பரம்பரையாக வம்சக் கதை சொல்கிறவர்கள். ஊர்க்காரர்களுக்கு மெட்டைக் கேட்டதுமே அது யாரைப் பற்றியது என்று தெரியும். துமானி தியாபாத்தே 1988இல் போட்ட முதல் தட்டின் பெயர் 'கைரா'. அந்த மெட்டு 1940களில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்களோடு சேர்ந்து வளர்ந்தது. அவருடைய அப்பா சிதிக்கி அந்த இயக்கத்தில் இருந்தவர். நீங்கள் அதைத் தூக்கம் வரவழைக்கப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று எனக்குப் பலமான சந்தேகம்.

நீங்கள் கேட்கும் பட்டியலுக்குத் தலைப்பு 'உலக இசை'யாகத்தான் இருக்கும். 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் சிறிய இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடி, கடையில் இவற்றை எந்த அலமாரியில் அடுக்குவது என்று பேசி ஒட்டிய சீட்டு அது. அதற்கு முன்பே, 1960களில், அமெரிக்காவில் இந்தச் சொல்லைப் புழங்கவிட்டவர் ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர். அவர் மிருதங்கத்தைப் பற்றி முனைவர் ஆய்வு செய்தவர். நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, மிருதங்க வித்வான் ரங்கநாதன் அதே காலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சொற்கட்டு சொல்லிக்கொடுத்தார். ஒரே சொல், ஒரு இடத்தில் வாத்தியார் முன்னால் உட்கார்ந்து தாளம் போடுவது, இன்னொரு இடத்தில் அலமாரி. உங்கள் போனில் இருப்பது அலமாரி.

கண் கலங்குவதைக் குறை சொல்லவில்லை. அது பொய்யும் இல்லை. கிரியோல் படிக்கவும் சொல்லவில்லை. பாட்டின் பெயரைத் தட்டினால் வரிகளின் பொருள் இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற காலத்தில், இரண்டு வருடமாக ஒருமுறைகூடத் தேடிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எனக்கு அன்று தேடினாலும் கிடைத்திருக்காது. இருந்தாலும் கேட்டிருக்கலாம், புதுச்சேரி கூப்பிடு தூரம்தான்.

எவோராவுக்கு முன்னால், 1974இல், அங்கோலாவின் போங்கா என்பவர் இதே பாட்டைப் பாடியிருக்கிறார். கரகரத்த, கோபம் ஊறிய குரல். அதையும் போட்டுக் கேளுங்கள். இந்த முறை இயர்போனைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அந்தம்மா என்ன சொல்லுது என்று கேட்டாரே, அதற்கான பதிலை அவருக்கு நீங்கள் இன்னும் பாக்கி வைத்திருக்கிறீர்கள். கொக்கோ, தீவு, போர்ச்சுகல் என்று சுற்றி வளைக்காதீர்கள். கங்காணி என்று ஆரம்பியுங்கள்.