இங்கிலீஷ் கேள்வி பதில்: நீளத்தைப் பார்க்காதே, வினையைத் தேடு

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன் சார். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்ற மூன்று வகை வாக்கியத்துக்கும் வரையறை மனப்பாடம். ஆனால் பரீட்சையில் ஒரு பெரிய வாக்கியத்தைக் காம்ப்ளெக்ஸ் என்று எழுதினேன், சிம்பிள் என்று திருத்திக் கொடுத்தார்கள். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
(மாணவி, நீடாமங்கலம்)

பதில்: வரையறை இருக்கட்டும்மா. முதலில் வாக்கியத்தின் நீளத்தைப் பார்ப்பதை விட்டுவிடு. காலம் காட்டும் வினை எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று தேடு. ஓர் எழுவாயும் அதன் வினையும் சேர்ந்தால் அது ஒரு கிளாஸ் (clause). அப்படி ஒரே ஒரு ஜோடி இருந்தால் வாக்கியம் சிம்பிள், எத்தனை வரி ஓடினாலும் சரி.

'பிகாஸ் ஆஃப் த ஹெவி ரெயின் இன் நவம்பர், த சம்பா கிராப் இன் அவர் வில்லேஜ் நியர் மன்னார்குடி சஃபர்ட் பேட்லி.' இதில் வினை 'சஃபர்ட்' மட்டும்தான். 'பிகாஸ் ஆஃப்' பின்னால் வருவதெல்லாம் பெயர்ச்சொல் கூட்டம். ஆகவே சிம்பிள். இதற்குப் பக்கத்தில் 'இஃப் இட் ரெயின்ஸ், வி வெயிட்' என்பதை வைத்துப் பார். மொத்தமே ஐந்து சொல், ஆனால் 'இட் ரெயின்ஸ்', 'வி வெயிட்' என்று இரண்டு ஜோடி. 'மழை பெய்தால்' என்று சொல்லி நிறுத்தினால் எதிரே இருப்பவர் 'பெய்தால் என்ன?' என்று கேட்பார் இல்லையா? அப்படித் தனியாக நிற்காமல் தொங்குவது சபார்டினேட் கிளாஸ். அது, தனியாக நிற்கக்கூடிய ஒரு மெயின் கிளாஸோடு சேர்ந்தால் காம்ப்ளெக்ஸ்.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வரக் காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் பாடம் எடுத்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். 'அப்பா விடியற்காலையில் எழுந்து, வாய்க்காலுக்குப் போய், மடையைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வந்து டீ குடித்தார்.' வேலை ஐந்து நடந்தது, முற்று மட்டும் ஒன்று: குடித்தார். மற்றதெல்லாம் வினையெச்சம். தமிழில் எச்சங்களை எவ்வளவு அடுக்கினாலும் கேட்க அழகாகவே இருக்கும். இங்கிலீஷில் அப்படி அடுக்கினால் வாக்கியம் திணறும்; அங்கே 'அண்ட்', 'வென்', 'ஆஃப்டர்' வந்து ஆங்காங்கே காலம் காட்டும் வினையைக் கொண்டுவந்து நிறுத்தும். 'ஹேவிங் ஓபன்ட்', 'டு டிரிங்க்', 'கோயிங்' போன்றவை நம் எச்சம் மாதிரி முற்றுப் பெறாதவை; இங்கிலீஷில் இவை காலம் காட்டும் வினை ஆகாது. உங்கள் பாடத்தில் அவற்றைக் கிளாஸ் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

அப்புறம், மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி. ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதிப் பழகு. 'இன் ஸ்பைட் ஆஃப் த ஹெவி ரெயின், வி டிரான்ஸ்பிளான்டட் த சீட்லிங்ஸ்.' மழையிலும் நாற்று நட்டோம், இது சிம்பிள். 'இட் ரெயின்ட் ஹெவிலி, பட் வி டிரான்ஸ்பிளான்டட் த சீட்லிங்ஸ்.' இரண்டு ஜோடியும் சொந்தக் காலில் நிற்பதால் காம்பவுண்ட். 'பட்'டை எடுத்துவிட்டு முன்னால் 'தோ' (though) போட்டால் காம்ப்ளெக்ஸ். 'ஹெவி ரெயின்' எப்படி 'ரெயின்ட் ஹெவிலி' ஆனது என்று கவனி. பெயர் வினையானதும் அதோடு ஒட்டியிருந்த 'ஹெவி'யும் மாறியாக வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட மார்க் போவது இங்கேதான்.

இன்னொரு இடமும் உண்டு. 'த பேடி இஸ் டூ வெட் டு செல்.' நெல் ஈரம், விற்க முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்று உன் வீட்டிலேயே பேசியிருப்பார்கள். இதைக் காம்ப்ளெக்ஸாக மாற்றினால், 'த பேடி இஸ் சோ வெட் தட் வி கேனாட் செல் இட்.' முதல் வாக்கியத்தில் இல்லாத 'வி', 'கேனாட்', 'இட்' மூன்றும் புதிதாக வந்திருக்கின்றன. கடைசி 'இட்'டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே.

கேள்வி: 'மை பிரதர் பிளௌட் த ஃபீல்ட் அண்ட் வென்ட் ஹோம்.' ஒரு கைடு சிம்பிள் என்கிறது, இன்னொன்று காம்பவுண்ட் என்கிறது. எதைச் சொல்லிக் கொடுப்பது?
(டியூஷன் ஆசிரியை, திருவாரூர்)

பதில்: இரண்டு கட்சியும் உண்டு அம்மா. 'வென்ட்' முன்னால் 'ஹி' மறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு காம்பவுண்ட் என்பார்கள் பழைய முறைக்காரர்கள். ஓர் எழுவாய், இரண்டு பயனிலை, ஆகவே சிம்பிள் என்று எழுதும் நூல்களும் நிறைய. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, கண்ணில் தெரிவதைத்தானே குழந்தை எண்ண முடியும்? பரீட்சையில் காம்பவுண்டாக எழுதச் சொன்னால் 'அண்ட் ஹி வென்ட் ஹோம்' என்று எழுவாயைப் போட்டே எழுதச் சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் 'தோ ஐ ஆம் ஃப்ரம் எ வில்லேஜ், பட் ஐ நோ கம்ப்யூட்டர் அக்கவுண்டிங்' என்று எழுதியிருக்கிறேன். சரியா சார்?
(பி.காம். பட்டதாரி, பாபநாசம்)

பதில்: 'தோ' ஒரு பாதியை மற்றதற்குக் கீழே வைக்கிறது, 'பட்' இரண்டையும் சமமாக நிறுத்துகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கூடாது தம்பி, ஏதாவது ஒன்று போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டுமே வேண்டாம் என்பேன். கிராமத்தில் பிறந்ததை ஒரு குறையைப் போல ஏன் முன்னால் வைக்க வேண்டும்? 'ஐ ஆம் ஃப்ரம் எ வில்லேஜ் நியர் பாபநாசம், அண்ட் ஐ நோ கம்ப்யூட்டர் அக்கவுண்டிங்.' காம்பவுண்ட் வாக்கியம், இரண்டு பாதியும் சரிசமம். இப்படியே எழுதி அனுப்புங்கள்.