ஓப்பன் சோர்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ஓப்பன் சோர்ஸ்னா கோடை யாரு வேணா பாக்கலாம், திருத்தி அனுப்பலாம்ங்கற மென்பொருள். ரொம்ப வருஷமா அதைத் தமிழாக்கம் பண்றேன், கூடவே ஒரு குட்டி லைப்ரரிக்கு (மத்த ப்ரோகிராம்கள் எடுத்து யூஸ் பண்ற கோட்) மெயின்டெய்னர், அதாவது வர்றதைப் பாத்து ஓகே பண்ணி, பராமரிக்கற ஆள். சம்பளம் கிடையாது, பகல்ல வேற வேலை. ராத்திரி பத்து மணி வரைக்கும் இருக்கேன்.

கார்த்தி_கோவை: அண்ணா செகண்ட் இயர் படிக்கிறேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தினமும் நீ யூஸ் பண்றதுல எது உன்னைக் கடுப்பேத்துதோ அங்கேர்ந்து. முதல்ல ஒரு பக் ரிப்போர்ட் (கோளாறு பத்தின தகவல்) எழுது தம்பி, என்ன பண்ணினே, என்ன வந்துச்சு, என்ன வந்திருக்கணும், எந்த வெர்ஷன். கோட் அப்புறம். பெரிசா எழுதப்போறேன்னா மெயின்டெய்னர்கிட்ட முன்னாடியே கேட்டுடு.

நிலா: மூணு வாரம் ராத்திரி முழிச்சு ஒரு ஃபீச்சர் பண்ணி அனுப்பினேன், "வேண்டாம்"னு ஒரே வார்த்தையில மூடிட்டாங்க. வாலன்டியர்ஸை இப்படியா நடத்தறது?

ஒரே வார்த்தையில சொன்னது தப்புதாங்க. ஆனா முன்னாடி கேட்டீங்களா? கோயிலுக்கு மாடு நேர்ந்து விடற கதை இது, விட்டவங்களுக்குப் புண்ணியம், தினம் தீனி போடறது கோயில்காரன். அடுத்த வருஷம் அதுல பக் வந்தா நீங்க வேற கம்பெனி, கல்யாணம்னு போயிருப்பீங்க, உக்காந்து நோண்டறது அந்த "வேண்டாம்" சொன்ன ஆள்தான். எனக்கே லேட்டாதான் புரிஞ்சுது, ஒருத்தர் ஆசையா அனுப்பின எக்ஸ்போர்ட் வசதியை ஓகே பண்ணிட்டு நாலு வருஷம் அழுதேன்.

சுரேஷ்: இதுல சம்பாதிக்க முடியுமா சார்?

முடியும், லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கர்னலை எழுதறவங்கள்ல பெரும்பாலானவங்க கம்பெனி சம்பளத்துலதான் எழுதறாங்க. என்கிட்ட வழி கேக்காதீங்க.

பிரியா_எம்: எங்க ஆரம்பிக்கலாம்?

மேல கார்த்திக்கு சொல்லியிருக்கேன்.

ராம்: ஒரே ஆள் பாத்துக்கற ப்ராஜெக்ட்டை நம்பலாமா?

எக்ஸ்இசட் கதை தெரியுமா? ஃபைலைச் சுருக்கற டூல், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் மெஷின்லயும் இருக்கும், பாத்துக்கிட்டது ஒரே ஆள், சும்மா, அதுவும் மனசு சரியில்லாத நேரம். 2022ல முன்னபின்ன தெரியாத பேர்ல சிலர் வந்து ஏன் இவ்ளோ ஸ்லோ, வேற ஆள்கிட்ட குடுன்னு நச்சரிச்சாங்க. அப்ப நல்ல பிள்ளையா பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பிக்கிட்டு இருந்த, ஜியா டான்ங்கற பேர்ல இருந்த ஆள் கைக்கு ப்ராஜெக்ட் சாவி போச்சு. 2024 பிப்ரவரி, மார்ச்ல வந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன் ரெண்டுலயும் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமா மெஷினுக்குள்ள நுழையற வழி. அதை முடுக்கி விடற வரி எல்லாரும் பாக்கற கிட்ல (கோட் வைக்கற இடம்) கிடையாது, கடைசியா கட்டி வெளியிடற டார் ஃபைல்லதான் இருந்துச்சு. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் (தூரத்திலேர்ந்து இன்னொரு மெஷினுக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு தோண்டினதுல மாட்டுச்சு. அரை செகண்ட்! மெயின்டெய்னரை அவசரப்படுத்தறவங்களைப் பாத்தா இப்பல்லாம் எனக்கு வயித்தைக் கலக்குது.

தூயதமிழ்_வேந்தன்: தமிழாக்கம் பண்றவர் "ஃபைல்"னு எழுதறீங்களே, வெக்கமா இல்ல?

பேசறப்ப ஃபைல், மெனுவுல கோப்பு. எனக்கு ரெண்டும் சம்மதம்.

செல்வா: மெனுவுலயும் ஃபைல்னே வைங்க, கோப்புன்னா எங்கப்பாவுக்கு தாசில்தார் ஆபீஸ்தான் ஞாபகம் வருது. "சேமி"ன்னு பாத்துட்டு எங்கம்மா சேமியாவான்னு கேட்டாங்க.

யாழினி: எங்கட கந்தோர்ல (ஆபீஸ்ல) கோப்பு எண்டுதான் சொல்லுறது. அதில என்ன கஷ்டம்?

தூயதமிழ்_வேந்தன்: நல்லா கேட்டுக்குங்க!

செல்வா: கந்தோரே தமிழ் கிடையாதே, டச்சு!

நிறுத்துங்க சாமி. இதுக்கு ஆள் நிறைய வருது, வரியைச் சரிபாக்க ஒருத்தர் வர மாட்டேங்கறீங்க. காப்பி ஆகறப்ப வர்ற இங்கிலீஷ் வரியில ரெண்டு இடம் காலியா விட்டிருப்பாங்க, முதல்ல ஃபைல் பேர், அப்புறம் ஃபோல்டர் பேர். தமிழ்ல ஃபோல்டர் முன்னாடி வந்தாதான் வாக்கியம் நிக்கும். அந்த காலி இடத்துக்கு 2, 1னு நம்பர் போடாம வார்த்தையை மட்டும் திருப்பிட்டா, கல்யாண போட்டோவுக்குள்ள ஃபோல்டரை காப்பி பண்றதா ஸ்க்ரீன்ல வரும். கோப்பா ஃபைலாங்கறது சொல்பட்டியல்ல ஒரு தடவை பேசி முடிக்கற விஷயம், இல்லேன்னா ஒரே மெனுவுல சேமி, சேமிக்க, சேமிக்கவும் மூணும் நிக்கும். அதனால திரும்பவும் சொல்றேன், எழுதறதுக்கு முன்னாடி கேளுங்க.

விக்கி: ப்ரோ எங்க ஸ்டார்ட் பண்றது?

மேல.

அபி: ரீட்மீல (ப்ராஜெக்ட் அறிமுக ஃபைல்) ஒரு கமா போட்டு அனுப்பினா டி-ஷர்ட் தருவாங்களாமே?

2020 அக்டோபர்ல, ஓப்பன் சோர்ஸுக்கு ஆள் சேக்கற ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில டி-ஷர்ட்டுக்காக இப்படி குப்பை குவிஞ்சுதான், சம்மதிச்ச ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்னு ரூலையே மாத்தினாங்க. கடையில வாங்கிக்கோங்க.

கார்த்தி_கோவை: அண்ணா பக் ரிப்போர்ட் எழுதிட்டேன்! "தமிழ் டைப் பண்ணா ஒற்றைக்கொம்பு தனியா நிக்குது, சரி பண்ணுங்க."

சபாஷ். எந்த ஆப், எந்த வெர்ஷன் தம்பி?