முதல் உயிர் இயற்பியல் மாநாடு: எந்த அமர்வில் உட்காருவது?

கேள்வி: ஒற்றை மூலக்கூறு ஃப்ரெட் முறையில் (ஒரு சாயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஆற்றலைக் கொண்டு தொலைவை அளப்பது) புரத மடிப்பை ஆராயும் இரண்டாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி நான். அமெரிக்காவின் பயோஃபிசிகல் சொசைட்டி நடத்தும் ஆண்டு மாநாட்டில் போஸ்டர் வைக்க என் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டுள்ளது. நிகழ்ச்சி நிரலில் சிம்போசியம், பிளாட்ஃபார்ம், ஒர்க்‌ஷாப், சப்குரூப் என ஒரே வேளையில் பல அமர்வுகள் போட்டிருக்கிறார்கள். எதற்குச் செல்வது? ஒர்க்‌ஷாப்பில் கருவிகளைக் கையாளப் பயிற்சி கிடைக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பலருடைய பயணத் திட்டம் இந்த இடத்தில்தான் பிசகுகிறது. இம்மாநாட்டின் ஒர்க்‌ஷாப்புகளில் பொதுவாகக் கருவியை யாரும் உங்கள் கையில் தரமாட்டார்கள். ஒரு ஆய்வு முறையில் தேர்ந்தவர்கள் சிலர் மேடையேறி, அந்த முறை எதை அளக்கும், எங்கே பொய்க்கும், தரவை எப்படித் திருத்த வேண்டும் என்று விளக்கும் உரைகள்தான் அவை. அதற்காக அவற்றைத் தவிர்த்துவிட வேண்டாம். ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இரண்டு வரியில் முடிந்துவிடும் செய்தியை இங்கே அரை மணி நேரம் பேசுகிறார்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு, புகழ்பெற்றவர்களின் பெரிய உரைகளைவிட இதுவே அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் வெறுங்கையுடன் போகக் கூடாது. உங்கள் முறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2018இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வெளியான கூட்டு ஆய்வொன்றில், சாயம் பொருத்திய ஒரே மாதிரியான டிஎன்ஏ மாதிரிகளை 20 ஆய்வகங்கள் தனித்தனியே அளந்தன. ஃப்ரெட் திறனில், அதாவது ஆற்றலில் எவ்வளவு பங்கு தாவுகிறது என்பதில், அவற்றுக்கிடையே இருந்த விலகல் ±0.02 முதல் ±0.05 வரைதான். ஆற்றல் பரிமாற்றம் தொலைவின் ஆறாம் அடுக்கைச் சார்ந்தது என்பதால், திறன் 0.5 அளவில் இருக்கும்போது 0.05 பிழை என்பது தொலைவில் ஏறக்குறைய 0.2 நானோமீட்டராகவே முடியும், திறன் 0.9ஐ எட்டும்போது அதே பிழை தொலைவில் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். இந்தத் துல்லியத்தை அடைய, இரு சாயங்களின் (ஆற்றலைத் தரும் கொடையாளி, அதைப் பெறும் ஏற்பி) ஒளிர்வும் கருவி அவற்றைக் கண்டறியும் திறனும் வேறுபடுவதை ஈடுசெய்யும் காமா காரணியைச் சரியாகக் கணித்தாக வேண்டும். ஆகவே, “ஏற்பிச் சாயம் வெளிறும் (ஒளிர்வை நிரந்தரமாக இழக்கும்) தருணத்திலிருந்து காமாவைக் கணிக்கிறீர்களா, லேசரை மாற்றி மாற்றிச் செலுத்தி மொத்த மூலக்கூறுகளுக்கும் பொதுவாகக் கணிக்கிறீர்களா? என் புரதத்தில் ஏற்பி வெளிறுவதற்குள் கொடையாளி அணைந்துவிட்டால் என்ன செய்வது?” என்று கேளுங்கள். இப்படிப்பட்ட இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துச் சென்று, உரை முடிந்ததும் மேடையருகே நின்று கேட்டால், எந்த நூலிலும் கிடைக்காத விடை கிடைக்கும்.

மற்ற அமர்வுகளுக்கு வருவோம். சிம்போசியத்தில் பேசுபவர்கள் அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியாகியிருக்கும், அல்லது பயோஆர்கைவ் தளத்தில் முன்பதிப்பாக இருக்கும். நீங்கள் படித்துவிட்ட ஆய்வு என்றால் அந்த அரங்கில் உட்காரத் தேவையில்லை. உங்களுக்குச் சற்றும் பழக்கமில்லாத துறை என்றால் தாராளமாகச் செல்லலாம், ஏனெனில் சிம்போசிய உரைகள்தான் பின்னணியை விரிவாகச் சொல்லித் தொடங்குகின்றன. பிளாட்ஃபார்ம் அமர்வு வேறு வகை. அனுப்பப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களுக்கு, வழக்கமாக ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தரப்படுகிறது. பேசுபவர்களில் பலர் உங்களைப் போன்ற மாணவர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களுமே. நாளைய கட்டுரைகள் இங்கேதான் முதலில் காதில் விழும். உங்கள் தலைப்பையொட்டிய பிளாட்ஃபார்ம் அமர்வு ஒன்றை முழுமையாகக் கேட்பது, நான்கு அரங்குகளில் ஏறி இறங்குவதைவிட மேல்.

சப்குரூப் கூட்டங்கள் மாநாட்டின் முதல் நாளான சனிக்கிழமையன்றே நடக்கின்றன. மாநாடு ஞாயிற்றுக்கிழமைதான் சூடு பிடிக்கும் என்று நினைத்துச் சனி இரவு வந்திறங்குபவர்கள் இழப்பது அதிகம். ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாடு இது. சனிக்கிழமை மட்டும்தான் அது சிறு சிறு குழுக்களாகப் பிரிந்திருக்கும். இயல்பிலேயே ஒழுங்கற்ற புரதங்கள், உயிரியல் ஒளிர்வு (ஃப்ளூரசன்ஸ்), கிரையோ மின்னணு நுண்ணோக்கி, சவ்வு அமைப்பு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு சப்குரூப் உண்டு. உங்கள் வேலைக்கு முதல் இரண்டில் ஒன்று பொருந்தும். அன்று ஓர் அரங்கில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால், அடுத்த நான்கு நாள்களும் உங்கள் போஸ்டர் முன் நிற்கப்போகிறவர்களின் முகங்கள் பழகிவிடும். விமானச்சீட்டை இதற்கேற்ப எடுங்கள். உங்கள் போஸ்டருக்கான நாளை மாநாட்டார்தான் ஒதுக்குவார்கள், அது கடைசி நாளான புதன்கிழமையாகவும் அமையக்கூடும். எனவே திரும்பும் பயணத்தையும் அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம்.

இனி போஸ்டர். நீங்கள் அங்கே போவதன் மையம் இதுதான். ஒற்றைப்படை எண் பலகைகளுக்கு ஒரு மணி நேரம், இரட்டைப்படைக்கு அடுத்த ஒரு மணி நேரம் எனப் பிரித்துத் தருவது வழக்கம். பலகைகளைத் தலைப்பு வாரியாக அடுக்குவதால், உங்கள் இருபுறமும் நிற்பவர்கள் உங்கள் துறையினராகவே இருப்பார்கள். உங்கள் முறை இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் காப்பி குடிக்கச் செல்லாமல், அடுத்த பலகைக்குச் செல்லுங்கள்.

போஸ்டரில் பலரும், பல மூலக்கூறுகளின் அளவீடுகளைத் தொகுத்த வரைபடப் பட்டைகளை மட்டும் அடுக்கிவைக்கிறார்கள். உங்கள் துறையில் தேர்ந்தவர் முதலில் தேடுவது, ஒரே ஒரு மூலக்கூறின் பதப்படுத்தாத ஒளிச்செறிவுப் பதிவை. கொடையாளியின் கோடு உயர, ஏற்பியின் கோடு தாழ, கடைசியில் ஏற்பி ஒரே படியில் அணையும் அந்தப் படத்தைக் கண்மட்டத்தில் பெரிதாக வையுங்கள். அந்த ஒற்றைப் படி, பார்ப்பது ஒரு மூலக்கூறைத்தான் என்பதற்கு வலுவான சான்று. அதைப் பார்த்த பிறகே உங்கள் பட்டைகளை நம்புவார்கள். மேலும், ஆய்வுச் சுருக்கங்கள் பயோஃபிசிகல் ஜர்னலின் இணைப்பாக வெளிவருகின்றன. சுருக்கத்தில் இல்லாத புதிய தரவைப் போஸ்டரில் சேர்ப்பதற்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறருடைய போஸ்டரையும் அவர்கள் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

மாணவர்களுக்கான போஸ்டர் போட்டி தனியாக உண்டு, அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நடுவர்கள் உங்கள் பலகைக்கே வந்து கேள்வி கேட்பார்கள் என்பதால், பரிசைப் பற்றி எண்ணாமல் கலந்துகொள்ளலாம்.

ஒரு நாளுக்கு எத்தனை அமர்வு என்றால், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் போஸ்டர், அவ்வளவு போதும். மாநாடு அமெரிக்காவின் மேற்குக் கரை நகரம் ஒன்றில் நடந்தால், பிப்ரவரியில் அங்கே பிற்பகல் இரண்டு மணி என்பது இந்தியாவில் மறுநாள் அதிகாலை மூன்றரை. போஸ்டர் முன் நிற்கும் அந்த நேரத்தில் உடல் தூக்கத்துக்கு ஏங்கும். இதற்காகவும் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருவது நல்லது. கண்காட்சிக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். நுண்ணோக்கி, கேமரா நிறுவனங்களின் பொறியாளர்கள் அங்கே நிற்பார்கள். உங்கள் ஆய்வகக் கேமராவின் இரைச்சல் பற்றி நேரடியாகப் பேசக்கூடிய ஆட்கள் அவர்கள்தான்.

கைப்பயிற்சிக்கு வேறு வழிகள் உள்ளன. பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் நடந்துவரும் நுண்ணோக்கிப் பயிற்சி, ஐரோப்பாவின் எம்போ (மூலக்கூறு உயிரியல் அமைப்பு) செய்முறைப் பயிற்சிகள், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் நடக்கும் உடலியங்கியல் பயிற்சி ஆகியவற்றில் கருவி உங்கள் கைக்கே வரும். ஆனால் உங்கள் புரதத்துக்கும் உங்கள் சாயத்துக்கும் பொருந்தும் பயிற்சியை, அதே வேலையைச் செய்யும் ஓர் ஆய்வகமே தர முடியும். பலகையருகே நன்றாகப் பேசியவரிடம், அவர்களுடைய ஆய்வகத்தில் இரண்டு வாரம் வந்து அளந்து பார்க்க வாய்ப்புண்டா என்று கேளுங்கள். ஊர் திரும்பிய அதே வாரத்தில், உங்கள் பதிவு ஒன்றை இணைத்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.